அப்புறம் அக்கா

குட்டிக்கு,

அப்பா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும், அதனால் உன்னைக் கேட்டே தொடங்குகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அறை ஹீட்டரைச் சரிசெய்தார்களா? போனில் கேட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இப்போது நடக்கிறாள். வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, இடது கையால் சாப்பிடுகிறாள், சிந்தினால் நான் சிந்திய மாதிரி என்னை முறைக்கிறாள். பேச்சுதான் போய்விட்டது. மூளையில் அடைப்பு வந்தது பேச்சுக்கான இடத்தில் என்கிறார் டாக்டர். ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது, "அப்புறம்". தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

உன் பெரியம்மா வந்திருந்தாள். இந்த வயசுல யாரு கேட்டா படிப்ப, ராப்பகலா போனப் பார்த்துதான் தலைக்கு ஏறிடுச்சு என்று அம்மாவின் காதுபடவே சொன்னாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள். அதிலிருந்துதானே நீ நம் படிப்புக் குழுவின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதில்லை? அம்மாவைப் படிக்கச் சொன்னது நீ, அதனால் இதுவும் உன்னால் என்று உனக்குள் முடிவு கட்டிவிட்டாய். அது முட்டாள்தனம். வந்தது ரத்த அழுத்தத்தால். தலை சுற்றவில்லையே, எதற்கு மாத்திரை என்று நாள் விட்டு நாள் போட்டாள். படிப்பின் மேல் பழியைப் போடாதே. ஒரு பல்கலைக்கழகம் புள்ளியியல் பாடத்தை இலவசமாகத் திறந்து வைத்திருந்தது, தனியாகச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வாரமே ஓடிப்போனார்கள். இந்தப் பக்கம் ஆன்லைனில் சேர்ந்து படிக்கிறோம் என்று ஒரு குழு, எதைப் படிப்பதென்று தெரியாமல் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைத்தால் என்னப்பா என்று நீதான் கேட்டாய். இணைப்பு வேலையை நான் ஒரே நாளில் முடித்துவிட்டேன், ஆட்களைக் கலையாமல் பிடித்து வைத்தது உன் அம்மா. யார் விளக்கினாலும் "அப்புறம்?" என்று விடாமல் கேட்பாள், அதற்குத்தானே அப்புறம் அக்கா என்று பட்டம் கட்டினார்கள்.

போன சனிக்கிழமை அவளைத் திரை முன்னால் உட்காரவைத்தேன். உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் குழுவில் சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பாடம் விளக்குவது குழுவில் இருக்கிற வேன் ஓட்டுநரின் முறை. போகும்போது அறுபதில் போய் வரும்போது நாற்பதில் வந்தால் சராசரி ஐம்பது இல்லை, ஏன் என்று விளக்கினார். இவள் அப்புறம் என்றாள். மனிதர் உற்சாகமாகி அடுத்த பாடத்துக்கே போய்விட்டார். மறுபடியும் அப்புறம். தெரிஞ்சது அவ்வளவுதான் அக்கா, விட்டுடுங்க என்று சிரித்தார். இவள் விடவில்லை. கடைசியில் அவர், தனக்குக் கண் மங்கிக்கொண்டு வருவதையும், முதலாளிக்குத் தெரியாமல் ஓட்டுவதையும், உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்குமா என்றுதான் இதில் சேர்ந்ததையும் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான் என்ற விஷயத்தை உடைத்துவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை. "அவங்க கேக்கலன்னா நான் யார்கிட்டதான் சொல்லியிருப்பேன் சார்" என்றார். அடுத்த வாரமே வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணைக் காட்டவேண்டும் என்று திட்டித்தான் விட்டேன்.

அம்மா அப்போது திரையில் இருந்த முகங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசி முகம் வரைக்கும் போய்விட்டு என் பக்கம் திரும்பினாள். அப்புறம் என்றுகூடச் சொல்லவில்லை.

அவளுக்குச் சரியானதும் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறாய். பழைய பேச்சு திரும்பாது என்பதை டாக்டர் சுற்றிவளைத்துச் சொன்னார், நான் நேராக எழுதுகிறேன். நீ காத்திருக்கிற அம்மா வரமாட்டாள். இங்கே இருப்பவள்தான் உன் அம்மா. நீ பேசினால் பாதியாவது அவளுக்குப் புரியும், மீதிக்கு உன் முகம் போதும். அழுகை வந்தால் அழு, கேமராவை மட்டும் மூடாதே.

நல்லா இரு, தீர்க்காயுசாக இரு. ஓட்டை ஷூவை மாற்று. சனிக்கிழமை உன்னைத் தேடிப் பார்த்துவிட்டு அவள் மறுபடியும் என் பக்கம் திரும்பினால், சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா