ராசாத்தி பேசட்டும், நங்கை

என் பிரியத்துக்குரிய நங்கைக்கு,

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். இதை உங்களுக்குச் சொல்லவில்லை, கூடவே இதைப் படிக்கப் போகிற வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் உங்களிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்குப் பேனா ஓடுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார். அதாவது ரசத்தில் உப்பு குறைந்தால் என் மேல் எரிந்து விழுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறார். விலையில்லாத காலத்தில் நாம் கைவிட்டோமே மேல்பக்கத்து ஒரு ஏக்கர், அங்கே தேயிலைச் செடி கவாத்து வெட்டாமல் மரமாகவே வளர்ந்துவிட்டது. காட்டெருமைகள் வந்து நிழலுக்குப் படுக்கின்றன. உங்கள் பச்சை ஸ்வெட்டரை நான் போட்டுக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே?

இனி பெரிய செய்தி. 'கடைக்கோள்' திரும்ப வருகிறது நங்கை!

அதேதான். மாதாமாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பு மாட்டித் தொங்குமே, உள்ளங்கை அளவில், அட்டையில் விண்கலம் போட்டு, அந்தக் கதை வரிசை. கோயமுத்தூரில் சில இளவட்டங்கள் உரிமையை வாங்கி, போனில் கேட்கிற நாடகமாகப் போடப் போகிறார்கள். ஆளுக்கொரு குரல். கதாநாயகன் கமாண்டர் பரிதிக்குக்கூடப் பேச ஆள் பிடித்துவிட்டார்களாம்.

ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் இன்னும் இடம் பாக்கி. அந்த இடத்துக்கு ராசாத்தி வேண்டுமா, டிக்கு என்கிற ரோபோ வேண்டுமா என்று ரசிகர்களிடம் ஓட்டு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இப்போதைக்கு டிக்குதான் முன்னால் நிற்கிறான். ஒரு தகர டப்பாவிடம் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

'ராசாத்தி பேசட்டும்' என்று ஒரு கூட்டம் இந்தப் பக்கம் கச்சை கட்டியிருக்கிறது. அதற்குத் தலைவி கூடலூரில் கல்லூரியில் படிக்கிற ஷெமீனா என்கிற பெண். பழைய இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் நம் ஊர் பேரைப் பார்த்துவிட்டு, யாரையெல்லாமோ விசாரித்து என் நம்பரைப் பிடித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ராசாத்தி ஒரு தடவைகூட விண்கலத்துல ஏறினதில்ல, ஒரே கிரகத்துல ஒக்காந்து பாசி பறிச்சவதானேன்னு எல்லாரும் கேக்குறாங்க. அவ எங்கிருந்து வந்தான்னு நீங்க ஒரு கடிதம் எழுதினா, கொஞ்சம் பேராவது மனசு மாறுவாங்க" என்றாள்.

உடனே சரியென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ராசாத்தி எங்கிருந்து வந்தாள் என்று எழுதினால், நான் செய்ததையும் எழுத வேண்டுமே.

எனக்கு ஏன் இந்த ஓட்டு இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். உங்கள் குரல் எங்கள் யாரிடமும் இல்லை நங்கை. போனில் பேசிப் பதிந்து அனுப்பச் சொன்னால், "ஆள் இல்லாதப்ப என்னத்தைப் பேசறது?" என்று அணைத்துவிடுவீர்கள். போட்டோ இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. குரல்தான் இல்லை. ராசாத்தி பேசுகிறதெல்லாம் வரிக்கு வரி உங்கள் பேச்சு. அவளுக்கு இடம் கிடைத்தால், எங்கேயோ ஒரு பெண் வாயைத் திறந்து உங்கள் பேச்சைப் பேசுவாள். அதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நான் ஏங்கிக் கிடக்கிறேன்.

சரி, இனி பிள்ளைகளுக்கான கதை. பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். இலையை மூட்டை கட்டி ரோட்டோரத்து எடைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் பாதி நாள் ஏஜென்ட் வரவே மாட்டார். வந்தாலும் ஈர இலை, முற்றிய இலை என்று எடையில் கழிப்பார். தராசின் முகம் அவர் பக்கம் பார்த்திருக்கும். எவ்வளவு காட்டுகிறது என்று நமக்குத் தெரியாது, அவர் சொன்னதுதான் எடை.

அந்தக் காத்திருப்பில்தான் நீங்கள் மூட்டை மேல் உட்கார்ந்து கடைக்கோளை வாய்விட்டுப் படிப்பீர்கள். சுற்றிலும் பெண்கள் வாய் பிளந்து கேட்பார்கள். கமாண்டர் பரிதி மாட்டிக்கொண்ட இடத்தில் ஏஜென்ட் ஜீப் வந்துவிட்டால், அவரையே சித்த நேரம் நிறுத்தி வைத்த ஆள் நீங்கள்.

அப்போது வந்தது அந்த அறிவிப்பு. விற்பனை இல்லை, அடுத்த இதழோடு கதை முடிகிறது, கமாண்டர் சாகிறார். நீங்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கமாண்டரைக் காப்பாற்றச் சொல்லிச் சென்னைப் பதிப்பகத்துக்கு எழுத, மறுநாள் நூறு போஸ்ட் கார்டு வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

அதே வாரத்தில்தான் விவசாயிகள் சங்கமும், இலை விலையைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்கு எல்லாரும் கார்டு போட வேண்டும் என்று முடிவெடுத்தது. சங்கத்துக்கு அண்ணன் செயலாளர். கையெழுத்து நன்றாக இருப்பதால் அந்தக் கார்டுகளை எழுதுவதும் உங்கள் தலையில்தான் விழுந்தது. சங்கக் கார்டு ஒரு குவியல், கமாண்டர் கார்டு ஒரு குவியல். இரண்டிலும் கையெழுத்துப் போட்டது அதே பெண்கள். அத்தனை கார்டிலும் விலாசம் எழுதக் கை வலிக்கும் என்று குன்னூரில் விலாசத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினீர்கள். நீங்கள் எழுதுவது, நான் பின்பக்கம் விலாசம் குத்துவது என்று ஏற்பாடு.

குத்த உட்கார்ந்த அன்றைக்குக் காலையில்தான் என் புருஷன் வீட்டிலிருந்து, இனிமேல் அவள் இங்கே வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கை குத்திக்கொண்டே இருந்தது, மனசு எங்கேயோ இருந்தது. குவியலை மாற்றிக் குத்திவிட்டேன். நானேதான் கட்டுக் கட்டித் தபாலிலும் சேர்த்தேன்.

பத்து நாளில் சங்கத் தலைவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, இலை விலை கேக்கச் சொன்னா, கமாண்டரைக் கொல்லாதீங்க, கொன்னா சும்மா இருக்கமாட்டோம்னு எழுதிப் போட்டிருக்கறீங்க? எந்தக் கமாண்டரு, வெலிங்டன் மிலிட்டரிக்காரரான்னு என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. ஆபீசே சிரிக்குது!"

அண்ணன் முகம் கறுத்துப்போனது. "யார் பண்ணுன வேலை இது?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நாந்தானுங்க. கவனமில்லாம மாத்திக் குத்திட்டனுங்க" என்றீர்கள் நீங்கள்.

பிறகு அடுப்படியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதபோது என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "போச்சாது உடு அம்மிணி. என்னைத் திட்டினா நாளைக்கு மறந்துருவாரு. உன்னைத் திட்டினா ஊட்டை உட்டு அனுப்பிப் போடுவாரு. நீ எங்க போவே?"

அண்ணன் மறக்கவில்லை நங்கை. அது ஒன்றில் உங்கள் கணக்கு தப்பிவிட்டது. செயலாளர் வேலையை விட்டார். விலை ஏறாததற்கு அந்தக் கார்டுதான் காரணம் என்பது போல, கதைப் புத்தகம் படித்து மானத்தை வாங்கியவள் என்று இருபது வருடமும் சொல்லிக் காட்டினார். ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுப்பது போல என் பக்கம் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன், அப்போதும் திறக்கவில்லை. என்ன பிறவி நான்?

ஆனால் அந்தத் தப்புக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. சென்னைக்குப் போனதெல்லாம் இலைக் கார்டு. பதிப்பகத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்தது. கமாண்டரைக் காப்பாற்றச் சொல்லி எல்லா மாவட்டத்திலிருந்தும் கார்டு வந்ததாம். ஒழுங்காகப் படிக்காமலே மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்களாம். "தராசை எங்கள் பக்கமும் திருப்பி வையுங்கள் என்று எழுதியது நீங்கள் மட்டும்தான். இது எந்தக் கிரகத்துச் செய்தி என்று எங்கள் எழுத்தாளர் கேட்கிறார்" என்று எழுதியிருந்தார் ஆசிரியர். நீங்கள் பேசுகிற மாதிரியே பதினோரு பக்கம் பதில் போட்டீர்கள்.

அடுத்த இதழில் கமாண்டர் சாகவில்லை. விண்கலம் பழுதாகி, அதுவரை பேர் மட்டும் வந்துகொண்டிருந்த கடைக்கோள் என்கிற கிரகத்தில் இறங்கினார். அங்கே மக்கள் மூச்சுக்காற்று தருகிற பாசியைப் பறித்து, வருகிற கப்பல்களுக்கு விற்றார்கள். எடை போடுகிறவன் சொன்னதுதான் எடை. கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். அவள்தான் ராசாத்தி. அவள் வந்த பிறகு கதை இன்னும் மூன்று வருடம் ஓடியது. கமாண்டர் உயிர் பிழைத்தது அவருக்காக எழுதின கார்டால் இல்லை பிள்ளைகளே. ஓட்டுப் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அனுப்பவும் முடியாமல் கிழிக்கவும் முடியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஊரெல்லாம் படித்த பிறகு அண்ணனுக்குத் தெரிவதா? திங்கட்கிழமை மத்தியானம் அவர் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "அவ ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார்.

"என்னை அனுப்பிருவீங்கன்னு பயந்தாங்கண்ணா."

"அனுப்பியிருப்பனா நானு?"

தீட்டுகிற கல்லைத் துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு அவரே, "அனுப்பித்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போனார்.

இரண்டு நாள் பேச்சில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நேற்றுச் சாயங்காலம் உங்கள் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஒரு பக்கம்கூடப் படிக்காத மனுஷன், உள்ளே இருந்த கடைக்கோள் இதழ்களை அட்டை அட்டையாகப் புரட்டிப் பார்த்தார்.

"அந்த ராசாத்திப் புள்ள தராசு கேக்கற எடத்தைப் படி" என்றார்.

எடுத்துப் படித்தேன். "ஏனுங்க கமாண்டரு, தராசைக் கொஞ்சம் எங்க பக்கமும் திருப்பி வைங்க. முள்ளு எங்களுக்கும் தெரியட்டும்."

"அப்படியில்ல வசந்தி. நீ மடமடன்னு படிக்கறே. அவ ஏனுங்கன்னு சொல்லிட்டுச் சித்த நிறுத்துவா. நாம திரும்பிப் பாக்கற வரைக்கும் மேல பேசமாட்டா."

பிறகு சுவரைப் பார்த்தபடி அவரே சொன்னார். "ஏனுங்க..."

அந்த இழுப்பு, அந்தக் கடைசி இறக்கம், அப்படியே நீங்கள். சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன் நங்கை. அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இந்தக் கடிதத்தை ஷெமீனாவுக்கு அனுப்புகிறேன். ராசாத்தி ஜெயித்தால், அவளாகப் பேசப் போகிற பெண் எங்கே நிறுத்த வேண்டும் என்று அண்ணனையே பேசச் சொல்லிப் பதிந்து அனுப்புவேன். டிக்கு ஜெயித்தால் ஜெயிக்கட்டும். சாயங்காலம் ஆனால் ஒரு இதழ் என்று, பெட்டி காலியாகிற வரைக்கும் நான் அண்ணனுக்குப் படித்துக் காட்டுவேன். ராசாத்தி வருகிற இடத்தில் மட்டும் அவரைப் பேச விடுவேன். இது சத்தியம்.

உங்களால் இந்த வீட்டில் இருக்கிற,
உங்கள் நாத்தனார்
வசந்தி
கட்டபெட்டு