வீட்டில் பார்த்தது சேராது

அன்புள்ள துணைவிக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நம் மகளின் பிசியோதெரபி படிப்புக்காக, கிடங்கில் விடுப்பு கேட்டு, இங்குள்ள கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி வரிசை. நின்றதில் என் காலுக்கே பயிற்சி ஆகிவிட்டது. அவள் மதிப்பெண் போதுமாம். பக்கவாதத்தில் விழுந்த உன்னை அவளே நடக்கப் பழக்குவதைப் பெருமையாகச் சொன்னேன்.

“வீட்டுல அம்மாவுக்குச் செஞ்சதெல்லாம் கணக்குல சேராது பெரியவரே. ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் கூடவே நின்னு பாத்ததா சான்று வேணும்” என்றார் அங்கிருந்த தமிழ் எழுத்தர். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வாதாடியிருக்க வேண்டுமோ, தெரியவில்லை.

அவளை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்து கற்கச் சொல். பகலில் உன்னைத் தூக்கி உட்காரவைக்க ஆள் தேடு. கிடைக்காவிட்டால் அவளிடம் சொல்லாதே, போகமாட்டாள். எனக்கு நீயே எழுது. எழுத்து கோணினாலும் படித்துவிடுவேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் கணவன்