உனக்குப் பாடியவள் லெட்சுமி

இன்று காலை நம் கட்டடத்தின் பஜனை மண்டபத்து அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, மேல்தட்டின் மூலையில் உன் கிராம்பு டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் அந்தக் காரமான வாசனை. பாடுவதற்கு முன் இரண்டு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாய். எங்களுக்கு ஒன்றும் தரமாட்டாய். டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உயிரோடிருந்தவரை நீ என்னைப் பேசி முடிக்க விட்டதில்லை. இப்போது உன்னால் குறுக்கிட முடியாது.

பல்கலைக்கழக விடுதியில் மூன்றாண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். நீ தமிழ், நான் இயற்பியல். பிற்காலத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அடுக்குமாடிக்குக் குடிவந்தது தற்செயல்தான். நான் உன்னைத் தேடி வந்ததாக நீ ஊரெல்லாம் சொன்னது பொய். வெள்ளிக்கிழமைப் பஜனைக் குழுவைத் தொடங்கியவள் நீ. செயலாளர் நான். பெயர்ப் புத்தகம் என் பொறுப்பு, சட்டம் உன் வாய். தொடர்ந்து மூன்று வெள்ளி வராதவரின் பெயரை அடித்துவிட வேண்டும். பெயர் உள்ளவர் இறந்தால் குழு வீட்டுக்குப் போய்ப் பாடி அனுப்பும், அடிக்கப்பட்டவருக்குப் பாட்டில்லை. சாவுக்குப் பயப்படாத பெண்கள்கூட அந்தப் புத்தகத்துக்குப் பயந்தார்கள்.

ஒன்பதாவது மாடி லெட்சுமிக்கு இனிப்புநீர் நோயால் ஒரு கால் போயிற்று. மின்தூக்கியோ மாதக்கணக்கில் பழுது. மூன்று வெள்ளி கழிந்ததும் நீ என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கி, அளவுகோல் வைத்து, அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டாய்.

"ஒத்தக் காலோட அவ எப்படிடி ஒன்பது மாடி எறங்குவா?" என்றேன்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா. நாளைக்கு எனக்குன்னாலும் இதேதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

செய்தியை மேலே கொண்டுபோய்ச் சொன்னவளும் நான்தான். "அப்போ நான் செத்தா எனக்கு யாரு பாடுவாங்கக்கா? டிவியா?" என்று லெட்சுமி சிரித்தாள். கை மட்டும் கட்டில் விரிப்பை நீவிக்கொண்டே இருந்தது.

அடுத்த வெள்ளி கைத்தொலைபேசியை ஒரு நாற்காலியில் நிறுத்தி, அவளை வீட்டிலிருந்தே பாட வைத்தேன். நம் கட்டடத்தில் அப்போது பழைய செப்புக் கம்பி இணைப்பு. நம் தாளம் அவளுக்குப் பிந்திக் கேட்டது, அவள் குரல் நமக்கு அதைவிடப் பிந்தி வந்தது. அவளுக்காக நாம் நிதானித்தோம், நமக்காக அவள் நிதானித்தாள். பாட்டு இழுத்து இழுத்து, கடைசியில் நின்றே போயிற்று.

"என்னடி, லெட்சுமி பாட்டு படியில எறங்கி வருதா?" என்றாய்.

மண்டபமே சிரித்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், பிந்தி, தொலைபேசியிலிருந்து அவள் சிரிப்பும் வந்தது. உன்னைப் பழிவாங்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான்.

கோளாறு அவள் குரலில் இல்லை, கம்பியில் இருக்கிறது என்பது இயற்பியல் படித்தவளுக்குத் தெரியும். கண்ணாடி இழை இணைப்பு வந்தால் அந்தத் தாமதம் காதுக்குப் பிடிபடாத அளவுக்குக் குறையும். அதற்குக் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். முட்டி வலியோடு பத்து மாடியும் ஏறினேன். நீ படிக்கட்டில் நின்று, "செவுத்துல ஓட்டை போட்டுக் கட்டடத்தையே சாய்க்கப் போறா" என்று எல்லாரையும் தடுத்துப் பார்த்தாய். காற்பந்து பார்க்கவும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளோடு பேசவும் அவர்கள் கையெழுத்திட்டார்கள். பாட்டுக்காக என்று நான் சொல்லவே இல்லை.

இணைப்புக் கொடுக்க வந்தவர் நரைத்த மீசைக்காரர். "வைஃபை வேணாம் ஆன்டி. கேபிள சொருகுங்க, ஹெட்ஃபோனும் வயர் வச்சதா வாங்குங்க. அப்பதான் லேட்டாவாது. கேம் விளையாடப் போறீங்களா?"

"இல்ல தம்பி, ஒருத்திய பழிவாங்கப் போறேன்."

"அதுக்கு இந்த ஸ்பீட் போதும் ஆன்டி" என்றார்.

போதுமாகவே இருந்தது. முதல் வெள்ளியன்று ஒன்பதாவது மாடித் தாளமும் மண்டபத்துத் தாளமும் ஒன்றாக விழுந்தன. கிள்ளானில் மகன்கள் வீட்டில் முடங்கிக் கிடந்த இருவரும், ஜெஞ்சாரோமில் இருந்த ஒருத்தியும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் நீ அடித்த பெயர்கள். உன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக மறுபடி எழுதினேன். நீ ஜால்ராவைக் கீழே வைத்தாய், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த வெள்ளி நீ வரவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு போனதாகவே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வெள்ளி முடிந்ததும் அளவுகோலை எடுத்து, சிவப்பு மையில், உன் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டேன்.

நீ மருத்துவமனையில் இருந்தாய் என்பது உன் மகள் வந்து சொன்னபோதுதான் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளைத் தடுத்திருந்தாயாம். தெரிந்திருந்தாலும் அடித்திருப்பேன். லெட்சுமிக்கும் நோய்தான் இருந்தது.

உன் உடலை நம் கட்டடத்துக்குக் கொண்டுவந்த அன்று மகள் என் வாசலில் நின்றாள். "ஆன்டி, நம்ம குரூப்புதான் பாடணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

புத்தகத்தைத் திறந்து கோட்டைக் காட்டினேன். அழுதாள். முடிவு என்னுடையது இல்லை, ஒன்பதாவது மாடியில் கேள் என்றேன். அவள் புத்தகத்தோடு படியேறினாள். நான் பின்னால் மெதுவாகப் போய்ச் சேர்ந்தபோது, லெட்சுமி புத்தகத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பாட மாட்டேன்னாங்க," என்றாள். "நான் பாடுறேன். கேட்டுக்கிட்டே படுத்திருக்கட்டும்."

உன் தலைமாட்டில் லெட்சுமியின் முகம் தெரிந்த திரையை வைத்தோம். லெட்சுமி அடியெடுத்துக் கொடுக்க, உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்களும் கிள்ளானும் ஜெஞ்சாரோமும் பின்பாட்டுப் பாடினோம். ஓர் இடத்திலும் தாளம் பிசகவில்லை. உன் முன்னால், நீ திருத்தாமல் அவள் பாடி முடித்த முதல் பாட்டு அதுதான். உன்னோடு பாடிய எந்த வெள்ளியையும்விட நன்றாக இருந்தது. இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

மூன்று வெள்ளிச் சட்டத்தை எடுத்துவிட்டோம். இணைப்பில் வருகிறவர்கள் இப்போது மண்டபத்தில் இருப்பவர்களைவிட அதிகம். சென்ற வாரம் எல்லாரும் விடைபெற்ற பின்னும் லெட்சுமி திரையை விட்டுப் போகவில்லை.

"அக்கா, அவங்க பேர மறுபடி எழுதிருவோமா? அதான் பாடியாச்சே."

"எழுதலாமே. அவள வந்து கேக்கச் சொல்லு."

அவள் திரையை விட்டுப் போனாள். நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

புதுப் புத்தகம் வாங்கலாம் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பழையதில் முதல் வரி உன்னுடையது. கோட்டுக்கு அடியில் பெயர் இன்னும் தெளிவாகவே தெரிகிறது. வெள்ளிதோறும் பெயர்களைப் படிக்க எடுக்கும்போது அந்த வரியில் என் விரல் நிற்கும். வாய்க்குள் ஒருமுறை படித்துக்கொண்டு, இரண்டாவது பெயரிலிருந்து உரக்கத் தொடங்குவேன்.