விட்ட இடத்திலிருந்து தொடராத விளையாட்டு

இயேசு மரி சூசை

திண்டுக்கல்
10.10.2007

அன்பு மகன் கிளெமென்ட்டுக்கு அம்மா எழுதுவது, பெங்களூரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன், இங்கே நானும் தங்கச்சியும் சுகம், அப்பாவையும் சேர்த்துச் சொல்ல மனம் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல வினோலியா எழுதுகிறாள், நடுவில் பாடப்புத்தக வார்த்தைகளைப் போடுவாள், பொறுத்துக்கொள். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய், வீட்டில் உள்ள ஒரே போன் அப்பா கையில் இருக்கிறது, சொல்லவேண்டியதோ அவர் காதில் விழக்கூடாதது.

ஈஸ்டருக்கு வந்தபோது உன் கம்பெனி செய்த ஆட்டுக்குட்டி கேமை அந்தப் போனில் ஏற்றிக் கொடுத்தாய், குட்டி பாறை பாறையாகத் தாவி மலை உச்சிக்குப் போனால் கடைசியில் என் பேர் வரும்ப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுத்திருக்கும்போது ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது, மற்றக் கையின் கட்டைவிரலால் ஆடுகிறார். நர்ஸ் பிரஷர் பார்க்க வந்தால் போச்சு, வாந்தி வந்தால் போச்சு, பாதியில் நிறுத்தி வைக்கவும் வழியில்லை, விட்ட இடத்தில் தொடங்கவும் வழியில்லை, மறுபடி அடிவாரம்தான். நீ கூப்பிட்டாலும் அது அறுந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குப் பக்கத்தில் போயிருந்தபோது உன் கால் வந்தது, உன்னிடம் காட்டிக்கொள்ளாமல் பேசி முடித்துவிட்டு, "கேம் செஞ்ச பயலே கூப்புட்டுக் கெடுத்துப்புட்டான்டி" என்று சிரித்தார், சிரிப்போடு இருமலும் வந்துவிட்டது. முதல் வெள்ளியன்று சாமியார் நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தார், நாங்கள் மெழுகுதிரி ஏற்றி முழங்காலில் நிற்கிறோம், அப்பா ஒரு விரலைத் தூக்கி அவரைச் செத்த இருக்கச் சொல்கிறார். "ஏன் சிலுவைமுத்து, ஆண்டவரையே வாசல்ல நிக்க வைக்கிறியேப்பா" என்றார் சாமியார். "ஆண்டவரு பொறுப்பாரு சாமி, இந்தக் குட்டிதான் பொறுக்க மாட்டேங்குது" என்றார் அப்பா. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தார், அடியில் குட்டி விழுந்து சாகிற சத்தம் கேட்டது.

காலாண்டு லீவில் அப்பா மதியம் அசந்த நேரம் வினோலியா அதை ஆடி முடித்துவிட்டாள். உச்சியில் குட்டி நிற்கிறது, கீழே கம்பெனியின் பெயர், அவ்வளவுதான். உன் பெயர் இல்லை. அடுப்படிக்கு வந்து காதோடு சொன்னாள், "நல்லாப் பாத்தியாடி" என்று கேட்டேன், மறுநாளும் ஆடிப் பார்த்தாள். நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை தம்பி, போடுவார்கள் என்று நம்பியிருப்பாய். அப்பாவிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நேற்றிலிருந்து அவர் இனி மதுரைக்கு வரமாட்டேன் என்கிறார். "போக, வர, படுக்கன்னு பகல் பூராம் போயிருது, வந்தா கை நடுங்குது. ஒரு நா வீட்டோட இருந்தேன்னா முடிச்சிருவேன் புஷ்பம், அவன் பேரைப் பாத்துட்டு அப்பறம் ஊசி குத்திக்கிறேன்" என்கிறார். ஒருமுறை தவறினாலும் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார், இருதயமும் தளர்ந்துவிட்டதாம், பார்க்கவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். இந்த வாரம் கெஞ்சிக் கூட்டிப்போய்விடுவேன், அடுத்த வாரத்துக்கு என்னிடம் தைரியமில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றி அனுப்புகிறேன் என்று அவரிடம் சொன்னாயாம், அதை இப்போது அனுப்பாதே, சீக்கிரம் முடித்து, பேர் இல்லாததைப் பார்த்துவிடுவார். இனி ஊராருக்குச் செய்யும் கேமையெல்லாம் அப்படியே செய், ஆடுகிறவர்களுக்கு அடுப்பில் பால் இருக்கும், வாசலில் ஆள் நிற்கும், உடம்பு கேட்காது, எழுந்து போனவர்கள் திரும்பும்வரை குட்டி அந்தப் பாறையிலேயே படுத்திருக்கட்டுமே. அப்பாவுக்கு மட்டும் நீ வா. கிறிஸ்துமஸ் வரை லீவு கிடையாது, பாதியில் விட்டு வர முடியாத வேலை என்கிறாய், விட்டுவிட்டு வா ராசா, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு, பேர் போடலப்பா என்று உன் வாயாலேயே சொல், உன் முகத்தைப் பார்த்தால் எழுந்து மதுரைக்கு வருவார்.

வழித்துணையாக மாதா உன்னோடு வரட்டும், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன். ஒழுங்காகச் சாப்பிடு. புறப்படும்போது அடுத்த வீட்டு செபஸ்தியம்மாள் நம்பருக்குச் சொல், அப்பா போனுக்கு வேண்டாம்.

உன் அம்மா,
புஷ்பமேரி

அண்ணா, இது நான் எழுதுவது, அம்மா உலை வைக்கப் போயிருக்கிறார். "நீ எதுவரைக்கும் போயிருக்க பாப்பா" என்று இன்று அப்பா என்னைக் கேட்டார். அடிவாரத்து ஓடைப் பாறையிலேயே விழுந்துவிடுகிறேன் என்றேன். பக்கத்தில் உட்காரவைத்து, எந்த நேரத்தில் பொத்தானை அமுக்கவேண்டும் என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொடுத்தார். நான் வேண்டுமென்றே விழுந்துகொண்டே இருந்தேன்.

வினோலியா