விக்னா இல்லாத அணி

ஃபுட்ஸ்கிரே, மெல்பேர்ன்
8 ஜூன் 1975

சிட்னிப் பெரிய மனிதர் விக்னராஜா அவர்களுக்கு,

யோகன் எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பென்டில் ஹில்லில் மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தவனுக்குச் சுகத்துக்கு என்ன குறை? சத்தியபாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அவளுக்கு என்னைப் பிடிக்காது என்று தெரியும். வணக்கத்தையாவது வாங்கி வைக்கட்டும்.

உன் கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போ என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாய். அந்த அரைப் பக்கத்தைத் தாண்டித்தான் வாசித்தேன். விரிவுரை மண்டபத்தில் தூங்கியது போதும். டயர் தொழிற்சாலையில் தூங்கினால் போர்மன் வந்து உலுப்பி எழுப்புகிறான். அங்கே அதுவும் இல்லை. நீ கேட்டது நம் பேஸ்போல் கிளப் செய்தி. அதை எழுதுகிறேன்.

அணியில் பாதி காலி. பேஸ்போலைப் போன வருடம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றினாலும் மாற்றினார்கள், கிரிக்கெட்டும் ஆடுகிறவர்கள் இரண்டில் ஒன்றை விடவேண்டியதாகப் போயிற்று. எல்லாரும் இதைத்தான் விட்டார்கள். டெனிஸ் பயல் போய்விட்டான். பாரி போய்விட்டான். பாரி போனதில் எனக்கு ஒரு துக்கமும் இல்லை. தலைக்கு மேலே போகிற பந்தை அண்ணாந்து பார்த்து ரசிக்கிறவன் அவன். அவர்களுக்குப் பதிலாக அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ சபைப் பிரசாரத்துக்கு வந்த இரண்டு பொடியன்களைக் கோச் ரோய் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு ரை. நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் பியர் குடிக்கமாட்டார்கள், தூஷணம் பேசமாட்டார்கள், பயிற்சி முடிந்ததும் என் ஆன்மாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். என் ஆன்மா ரப்பர் மணக்கும் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள்.

நம் ரசிகப் பெருமக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலியில் சாய்ந்து நிற்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் ஜூனில் குளிர்காலம் வந்தால் ஃபுட்போல் பார்க்கப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகிறார்கள். போய்விட்டு வந்து கிளப் பாரில் குந்தியிருந்து உனக்காக ஒப்பாரி வைக்கிறார்கள். உன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், செத்தவனுக்கு மாட்டுகிற மாதிரி. மாலை ஒன்றுதான் குறை. இரண்டு வருடமாக என் பெயரைச் சொல்ல நாக்கு வளையாமல் என்னை ‘ஜோ’ ஆக்கிய கூட்டம், இப்போது என் காது கேட்கவே தீர்ப்புச் சொல்கிறது. மேர்வ் கிழவன் சொன்னதைக் கேள்: ‘விக் போனான், ஜோவின்ர கதையும் சரி. பந்தை எறியிறதுக்கு ஆராலும் ஏலும். அதைப் பிடிச்சு நிண்டவன்தான் ஆட்டக்காரன்.’ தன் பல்செட்டை ஒழுங்காகப் பிடித்து வைக்கத் தெரியாத மனிசன் எனக்கு ஆட்டம் சொல்லித் தருகிறான்.

எனக்கு இது புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பெரிய மட்ச்சில் நான் போட்ட பந்துக்கெல்லாம் அம்பயர் நோ போல் என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். முழங்கை மடிகிறதாம். மைதானம் முழுக்க ‘எறியன்! எறியன்!’ என்று கத்தியது. விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற நீ ஒருவன்தான் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அம்பயரோடு சண்டைக்குப் போனாய். கையை மடக்கி எறிவதையே ஆட்டமாக வைத்திருக்கிறார்கள் இங்கே என்று கண்டுபிடித்து என்னை இழுத்து வந்ததும் நீதான். நான் எறிய, நீ பிடிக்க. இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சிட்னியில் நல்ல வேலை, அது பெண்ணின் ஊர் என்று கிளம்பினால் என்ன அர்த்தம்? மெல்பேர்னில் எஞ்சினியருக்கு வேலையே இல்லையா?

செப்டெம்பர் கடைசியில் முதலாம் அணிப் பெயர்களைக் கிளப் கதவில் ஒட்டுவார்கள். ரோய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: உன் இடத்தில் பந்து பிடிக்க வருகிற புதுக் கேட்சரோடு ஒத்துப்போனால் முதலாம் அணி, இல்லாவிட்டால் இரண்டாம் அணி. இரண்டாம் அணி என்றால் உனக்குத் தெரியும்: வயிறு வண்டி வைத்த தகப்பன்மார் ஞாயிற்றுக்கிழமை இளைப்பதற்கு ஓடுகிற இடம். எனக்குப் படிப்பு இல்லை, ஊரில் மதிப்பு இல்லை. கிழமையில் ஒரு நாள் எறிகிறவனுக்கான அந்த மண்மேட்டில் ஏறி நின்றால்தான் நான் ஒரு ஆள். அதையும் இந்தக் கூட்டம் பிடுங்கப் பார்க்கிறது.

வேறு என்ன? மாமனாரின் சோற்றை அளவாகச் சாப்பிடு.

கைவிடப்பட்ட,
யோகன்


ஃபுட்ஸ்கிரே
17 ஓகஸ்ட் 1975

அன்புள்ள உபதேசியார் விக்னராஜாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. ‘புதுப் பொடியனோடு பொறுமையாக இரு’ என்று எழுதியிருக்கிறாய். பொறுமை! அவனை நீ பார்க்கவில்லை.

பெயர் கெவின். பத்தொன்பது வயது. ஆள் அலுமாரி மாதிரி. இறைச்சிக் கடையில் வேலை. உன்னைப் போலச் சின்ன வயதிலிருந்து விக்கெட் கீப்பராக நின்று பழகியவன் இல்லை. அலுமாரி நகராது என்பதால் ரோய் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நீ இருந்தபோது எந்தப் பந்து போடுவது என்று சொல்ல நமக்கு விரல் சைகை தேவைப்பட்டதா? ‘உள்ளுக்க போடு’, ‘கீழ போடு மச்சான்’ என்று நீ தமிழில் பகிரங்கமாகவே கத்துவாய். எதிர் ஆள் பேந்தப் பேந்த முழிப்பான். இவன் கால்களுக்கு நடுவில் விரலைக் காட்டுகிறான். ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரிவதில்லை, ஒவ்வொரு விரலும் வாழைப்பழத் தடிப்பு.

இன்னும் கேள். இரண்டாவது பயிற்சி நாள் கையுறைக்குள் எதையோ அடைத்துக்கொண்டு வந்தான். என்ன என்று பார்த்தால் மாட்டிறைச்சி. பச்சை இறைச்சி, உள்ளங்கை அளவு துண்டு. பந்தின் அடி தெரியாமல் இருக்க வைப்பதாம், அவன் தகப்பனும் அப்படித்தானாம். நான் எறிகிற ஒவ்வொரு பந்தும் போய் ‘சளக்’ என்று இறைச்சியில் விழுகிறது. அரை மணித்தியாலத்தில் மைதானத்து நாய்கள் முழுக்க அவனுக்குப் பின்னால். அம்மா ஊரில் வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்கிறா. மகன் இங்கே இறைச்சித் துண்டைக் குறிபார்க்கிறான்.

‘விக் இப்பிடி ஒண்டும் வைக்கேல்லையே’ என்று நான் கேட்டேன். கெவின் பல்லைக் காட்டி, ‘விக் வீரன், நான் மனிசன்’ என்றான். முதுகெலும்பு இல்லாத பதில்.

ஆனால் ஒன்று. பிடிக்கிறான். அதையும் எழுதத்தான் வேண்டும். கடைசிப் பயிற்சியில் நான் முழுப் பலத்தோடு எறிந்தேன், ஒன்றுகூட அவனைத் தாண்டிப் போகவில்லை. வேலியில் நின்ற மேர்வ் வாயை மூடிக்கொண்டு பைப் பற்றவைத்தான். ரோய் என் தோளில் தட்டி, ‘இப்பிடியே எறி ஜோ, கதவில உன்ர பேர்தான் முதல்’ என்றார். இதே கூட்டம் என் பெயரைக் கத்தும், பார். அப்போது நான் தொப்பியைக்கூடத் தூக்கமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி வந்து புதுப் பொடியனுக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று போன மாதம் தபாலட்டையில் கேட்டிருந்தேன். வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறாய். சரி. திரும்பி வா என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். அறையில் உன் கட்டில் இன்னும் அப்படியே கிடக்கிறது, அதில் என் ஊத்தை உடுப்புக் கிடக்கிறது, அதை மட்டும் தெரிவிக்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு, ஒழுங்காக எழுது.

யோகன்


ஃபுட்ஸ்கிரே
21 செப்டெம்பர் 1975

டேய் விக்னா,

நேற்று வடக்குப் பக்கத்துக் கிளப்போடு சிநேகபூர்வ ஆட்டம். அதைப் பார்த்துத்தான் பெயர்கள் என்று ரோய் சொல்லியிருந்தார். முதல் மூன்று இன்னிங்ஸ் நான் எறிந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். ஒருத்தனும் தொடவில்லை. ஒருவன் பந்து போன பிறகு மட்டையை வீசினான். வேலிப் பக்கம் ‘ஜோ! ஜோ!’ என்று கத்தினார்கள், மேர்வ் கிழவன் உட்பட. வெட்கங்கெட்ட சனம். நான் திரும்பியும் பார்க்கவில்லை.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க கன்ரீன் குசினிக்குள் போனேன். கெவின் கதிரையில் இருக்கிறான். கன்ரீன் நடத்துகிற டோரீன் அன்ரி அவனுடைய இடது கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறா. பெருவிரலடி நீலம் பாரித்து வீங்கியிருந்தது. இறைச்சி வைத்தும் அப்படி. எனக்கு வாய் சும்மா இருக்குமா? ‘விக் ரெண்டு வருசம் பிடிச்சான், ஒரு நாள் இந்தப் பாசாங்கு செய்யேல்லை’ என்றேன்.

டோரீன் கத்தரிக்கோலை மேசையில் எறிந்தா. அந்த மனுசி சத்தம் போட்டு நான் கண்டதில்லை. ‘உனக்குக் கண் எண்டு ஒண்டு இருக்கோ, இல்லை எறியக் கை மட்டும்தானோ?’ என்று கேட்டா. பிறகு எல்லாம் சொன்னா. உன் பெருவிரல் மூட்டு போன நவம்பரிலேயே விலகியதாம். சுட்டுவிரல் இனி முழுக்க மடியாதாம். ஒவ்வொரு ஆட்டமும் முடிய நான் முன்னால் பியர் குடித்துக்கொண்டிருக்க, நீ பின்னால் குசினியில் ஐஸ் வாளிக்குள் கையை வைத்துக்கொண்டு இருந்தாயாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கலியாணத்துக்கு முதல் கேக் செய்யப் பழகுகிறாய் என்று எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

இறைச்சித் துண்டு வைக்கச் சொல்லி டோரீன் கெஞ்சினாவாம். ‘எங்கட ஆக்கள் அதைத் தொடமாட்டினம்’ என்று சொன்னாயாம். பழைய மெத்தை ஸ்பஞ்சை வெட்டித் தைத்துத் தந்தாவாம். மெத்தை ஸ்பஞ்ச்! என் பந்துக்கு! உனக்கு விசரா? கோயிலே இல்லாத ஊரில் யாருக்கடா ஆசாரம் காத்தாய்? என்னிடம் ஒரு சொல்லுச் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

அதையும் அந்த மனுசியிடம் கேட்டேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. நீ சொன்னதை அப்படியே சொன்னா. ‘அவனுக்குச் சொல்லாதேங்கோ. அறிஞ்சால் மெதுவா எறிவான். மெதுவா எறிஞ்சால் அவன் ஒண்டுமில்லை.’

பெரிய கண்டுபிடிப்பு. நீ சொன்னபடியே நடந்தது.

நாலாவது இன்னிங்ஸில் மேட்டில் ஏறினேன். கெவின் குந்தி இருந்து கையுறையை நீட்டினான். கை முழுப் பலத்தோடுதான் பின்னால் போனது. பந்து விடுகிற இடத்தில் என்னை அறியாமல் இளகிவிட்டது. வேலிக்கு மேலே அடித்தார்கள். அடுத்ததும் அப்படித்தான். கெவின் முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ‘ஏன்டா தூக்கிப் போடுறாய்? விக் பிடிச்சதை நானும் பிடிப்பன். போடு’ என்றான். துணி சுற்றிய கையைக் கையுறைக்குள் ஒளித்துக்கொண்டு சொல்கிறான். உங்களுக்கெல்லாம் எங்கேயாவது வகுப்பு நடத்துகிறார்களா?

அவனைத் திரும்பிப் போய்க் குந்தச் சொன்னேன். அதன் பிறகு தெரிந்தே மெதுவாக எறிந்தேன். அடி அடியென்று அடித்தார்கள். மேர்வ் ‘விக்கோட காத்தும் போயிட்டுது’ என்று கத்த, கூட்டம் சிரித்தது. ஒரு இன்னிங்ஸுக்கு முதல் என் பெயரைக் கத்திய அதே வாய்கள். ரோய் என்னை வெளியே எடுத்து அமெரிக்கப் பொடியனைப் போட்டார். அவன் போகும்போது என் கையைப் பிடித்து, எனக்காகச் செபிப்பதாகச் சொன்னான். முதல் தடவையாக நான் அவனை ஏசவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை பின்னேரம் ரோய் உனக்கு ரெலிபோன் எடுப்பார். ‘உனக்கு என்ன பிடிச்சதெண்டு எனக்கு விளங்கேல்லை, விக்கிட்டத்தான் கேக்கவேணும்’ என்று எனக்கு முன்னாலேயே சொன்னார். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஜோவைப் போடுங்கோ, அது ஒரு நாள் பிசகு, அவன் எறிவான் என்பாய். அதைச் சொன்னால் சனிக்கிழமை கதவில் என் பெயர் இருக்கும். கெவினும் வாயைத் திறக்கமாட்டான். நானும் போகப் போக மறந்து, பழையபடி எறியத் தொடங்குவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் அதைச் சொல்லாதே. உன் கையைப் பற்றிச் சொல்லு. எந்த விரல், எப்படி விலகியது, யாருடைய பந்தில் விலகியது, எல்லாவற்றையும் சொல்லு. அந்தப் பொடியனுடைய கையை ஒரு டொக்டரிடம் காட்டச் சொல்லு. உன் சொல் என்றால் அவர்கள் கேட்பார்கள், சுவரில் படம் தொங்குகிறது. அதற்குப் பிறகு என் பெயரை எந்த அணியில் போடுகிறார்களோ போடட்டும். வயிறு வண்டி வைத்த தகப்பன்மாருக்கும் பந்து எறிய ஒருத்தன் வேண்டும்தானே.

நீயும் ஒளிக்காமல் டொக்டரிடம் போ. சத்தியபாமாவைக் கூட்டிக்கொண்டு போ, நீ பொய் சொன்னால் அவள் பிடிப்பாள். அவளை நான் நிறைய ஏசியிருக்கிறேன். அவளுக்குத் தெரியவேண்டாம்.

குளிரில் அந்த மூட்டு கூடுதலாக நோகும் என்று டோரீன் சொல்கிறா. இங்கே இன்னும் குளிர் விடவில்லை. சிட்னியில் குறைவாம். நீ அங்கேயே இரு, மச்சான்.

யோகன்