செட்டாப் பாக்ஸில் சொருகிய பென்டிரைவ்

வெள்ளிக்கிழமை, ஐப்பசி. மழை விடவில்லை.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று குடிகாட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோன மகளின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோ அதில் இருந்ததாம். தினமும் டிவியில் போட்டுப் பார்ப்பாராம். இப்போது டிவி ஒன்றுமே இல்லை என்கிறதாம். வீடியோ எடுத்த சிதம்பரம் ஸ்டுடியோவிலும் காப்பி இல்லை.

கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினேன். டிரைவ் முழுக்க செட்டாப் பாக்ஸ் பதிந்த ஒரு கிரிக்கெட் மேட்ச்தான் இருந்தது; அது பாக்ஸில்தான் ஓடும், டிவியில் நேராகச் சொருகினால் தெரியாது. செட்டாப் பாக்ஸில் சொருகி ரெக்கார்டு அழுத்தினால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்தால் எல்லாம் போய்விடும். எத்தனை வீட்டில் இதே கூத்து! யாரைத் திட்டுவது?

கணவரும் எட்டித் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டிரைவு பழசும்மா, தானா அழிஞ்சி போச்சு" என்று அந்த அம்மாவிடம் பொய் சொன்னேன்.

"எம் பொண்ணு சிரிக்கறது கொஞ்சூண்டு கூட வராதா தம்பி?"

வராது என்று தலையை ஆட்டினேன். "பஸ்ஸு வருதா பாரு, போ" என்று மனைவியை வெளியே அனுப்பிவிட்டு கணவர் என் பக்கம் குனிந்தார்.

"அந்த மேட்ச அழிச்சிட்டுக் குடுங்க சார். அவ சொருகிச் சொருகிப் பாப்பா. ஒருநாள் பாக்ஸுலயும் சொருகுவா."

அழித்துக் கொடுத்தேன். வாசலில் அந்த அம்மா அதை வாங்கி, மழை படாமல் மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார்.