அம்மா பெயருக்கு வந்த ரெக்கார்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டு ஐந்து மாதமாகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் கண்ணில் எல்லாம் படுகிறது, அதுதான் வினை.

போன மாதம் அம்மா பெயருக்குத் தட்டையாக ஒரு பார்சல் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லை. அம்மா மருந்துக்கடையிலிருந்து வந்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள், முகம் ஒரு மாதிரி ஆனது, "கடைக்கு வந்த கேட்லாக்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்விட்டாள். மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன், தப்புதான், உன்னிடம் மறைப்பானேன். போர்வைகளுக்கு நடுவில் ஒரு பழைய எல்.பி. ரெக்கார்டு. ரோஸ் கலர் அட்டையில் மூன்று பெண்கள் கன்னம் உப்ப பபிள்கம் ஊதிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வயசுக்காரர்களுக்குத் தெரியும், பபிள்கம் பாட்டு என்றே அதற்குப் பெயர், இரண்டு மாதம் எல்லா வாயிலும் இருக்கும், அப்புறம் துப்பிவிடுவார்கள். அட்டையின் பின்பக்கம் ஒரு ஃபோன் நம்பர், அதன் கீழே 'இன்னும் மறக்கவில்லை' என்று பேனாவில் எழுதியிருந்தது. ஆண்பிள்ளைக் கையெழுத்து, பார்த்தாலே தெரிகிறது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவாள், கதவைச் சாத்துவாள். யார் என்று கேட்டால் கடைக்கு வருகிற கஸ்டமர் என்பாள். நான் சமையலறைக்குள் நுழைந்தால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்துவாள். தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் கடை முதலாளியிடம் பேச்சுக்கொடுத்தேன். "புதன்கிழமை மதியத்துல அவங்க லீவாச்சே சார், வீட்ல ஏதோ வேலைன்னு சொன்னாங்களே" என்றார். வீட்டில் என்ன வேலை, வீட்டில்தானே நான் இருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை பின்னாலேயே போனேன். அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன், இந்த வயசில். ஒரு பெயின்ட் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டின் கதவு தொங்கிய லட்சணத்தைப் பார்த்ததுமே அதை நம்பாமல் படியில் ஏறினேன். மேலே அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. உள்ளே அம்மா காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள், எதிரே வழுக்கைத் தலையோடு ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டாமல் கதவைத் திறந்துவிட்டேன். "யாரு சார் நீங்க" என்றார் அவர். அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி, "எங்க வீட்டுக்காரர்தான். பஸ்லயே பாத்தேன், பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருந்தார்" என்றாள்.

அவர் அந்த ரெக்கார்டைப் பதிவு செய்தவராம். "அட்டையில இருக்கிற பொண்ணுங்க வாய் மட்டும்தான் சார் அசைச்சாங்க. பாடினது உங்க வீட்டம்மாவும் ஒரு டைப்பிஸ்ட் பொண்ணும். வெளிய சொல்லக்கூடாதுன்னு அப்ப எழுதி வாங்கிட்டாங்க" என்றார். அந்த ரெக்கார்டு கம்பெனியே இப்போது இல்லை. ரெக்கார்டு மறுபடி வரப்போகிறது, இந்தத் தடவை பாடியவர்கள் பெயரைப் போட வேண்டும், எந்த வரி யாருடையது என்று குறிக்கத்தான் அம்மாவைத் தேடிப் பிடித்திருக்கிறார், அட்டையில் எழுதி அனுப்பியதும் அவர்தான். அந்த டைப்பிஸ்ட் உயிரோடு இல்லையாம்.

திரும்பும்போது பஸ்ஸில், வெளியே சொல்லக்கூடாது என்றால் என்னிடமுமா என்று கேட்டேன். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கல்யாணமான புதுசுல இந்தப் பாட்டு ரேடியோல வந்துச்சு. சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். காதுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு நீங்க அணைச்சிட்டீங்க" என்றாள். எனக்கு அது நினைவில்கூட இல்லை பாப்பா. அவளுக்கு முப்பத்தாறு வருஷமாக நினைவிருக்கிறது. இத்தனை நாள் அவளைச் சந்தேகப்பட்டேனே, அதைவிட இது எனக்குக் கேவலமாக இருந்தது.

மறுநாள் கீழ்வீட்டுக்காரரிடம் ரெக்கார்டு பிளேயரை இரவல் வாங்கி வந்து போட்டேன். இரண்டு குரல்தான், இதுதானே நீ என்றேன், "அது டைப்பிஸ்ட்" என்றாள். அடுத்த பாட்டிலும் தப்பு, அதற்கடுத்ததிலும் தப்பு. அம்மா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது பாட்டில் கண்டுபிடித்துவிட்டேன். குரலை வைத்து இல்லை. வரி தொடங்குமுன் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுக்கிறாள், என்னைத் திட்ட ஆரம்பிக்குமுன் இழுப்பாளே, அதே மூச்சு. கையைத் தூக்கிக் காட்டினேன். அம்மா பிளேயரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

நான் பின்னால் போனதை உனக்கு எழுதிவிட்டேன் என்று அவளிடம் மூச்சு விடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சின்ன வயசில் பாடியிருக்கிறாயா அம்மா என்று நீயாகக் கேள், அவள் வாயாலேயே சொல்லட்டும். நடுவில் பேசாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் காதில் போட்டுக்கொண்டு நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

என்றும் உன் நினைப்பில் இருக்கும்,
அப்பா